முப்பத்திரண்டோடு ஒன்று கூட்டியவன்

எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. இதுவரை நான் தொட்டுக் கெடுத்த பொருட்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. (பட்டியல் வைத்திருக்கிறேன். என் மனைவி கமலத்திடம் இதைவிட நீளமான பட்டியல் ஒன்று உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை.) தண்ணீர் மோட்டார் இரண்டு, சுவர்க் கடிகாரம் நான்கு, காஸ் அடுப்பு ஒன்று, எதிர் வீட்டுக்காரரின் காது கேட்கும் கருவி ஒன்று என்று அது போகும். இவற்றில் நாற்பத்திரண்டைக் கண்ணால் பார்க்கலாம். கையில் எடுத்துத் தடவி வருத்தப்படலாம். நாற்பத்து மூன்றாவதைப் பார்க்கவே முடியாது.

அது ஓர் எலக்ட்ரான். ஒரே ஒரு எலக்ட்ரான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அரிசி மணியில் பாதி அளவுள்ள ஒரு வைரத்துக்குள் அது தன்பாட்டுக்குக் கிடந்தது. காரைக்கால் பக்கம் விழிதியூரில் என் வீட்டு அறையில் உட்கார்ந்தபடி நான் அதைக் கெடுத்தேன். கூடவே என் மகள் சாருமதியின் ஆறு வருட உழைப்பையும்.

கொம்யூன் பஞ்சாயத்து (ஊராட்சி ஒன்றியத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். தெருவிளக்கு எத்தனை, அதில் எரிவது எத்தனை, குழாயடி எத்தனை, அதில் தண்ணீர் வருவது எத்தனை என்று எண்ணி எழுதுவதே வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குத் தெரு கிடைக்காமல் வீட்டை எண்ண ஆரம்பித்தேன். மாடிப்படி பதினேழு. கமலம் ஒரு நாளைக்கு ‘ஏங்க’ என்று கூப்பிடுவது சராசரி எழுபத்தொரு தடவை. அவற்றில் அன்பாகக் கூப்பிடுவது இரண்டு.

எண்ணுவது மட்டும் என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் எனக்கு இன்னொரு கோளாறும் உண்டு. எங்கள் பக்கம் நல்ல காரியம் எதுவானாலும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். வரிசைத்தட்டு பதினொன்று இருக்கும், இருபத்தொன்று இருக்கும், பத்து இருக்காது. குடும்பத்தில் தட்டு எண்ணும் பொறுப்பு நாற்பது வருடமாக என்னுடையது. இரட்டைப்படையாக வந்தால் நான் ஒரு தட்டு சேர்ப்பேன். வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் கல்கண்டு. அதுவும் இல்லாத ஒரு கல்யாணத்தில், அவசரத்துக்கு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தட்டில் வைத்து அனுப்பினேன். (மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.)

ஜாதகம், சகுனம் எதுவும் நான் பார்ப்பதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், இரண்டாம் வகுப்பு. ஆனால் ஒரு காரியம் எட்டிலோ பத்திலோ முடிந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இது நம்பிக்கை இல்லை. அரிப்பு மாதிரி ஒன்று.

சாரு வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கமலம், “வைரத்துல வேலை பாக்குது” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அதனால் உறவுக்காரப் பெண்கள் சாருவின் மூக்கையும் காதையும் உற்றுப் பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள்.

எனக்கு மட்டும் அவள் முழுக்க விளக்கினாள். வைரம் என்பது கரியணுக்கள் (கார்பன்) ஒழுங்காக அடுக்கிய அடுக்கு. அந்த அடுக்கில் ஓர் இடத்தில் கரிக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தால், அந்தக் காலியிடத்தில் ஓர் எலக்ட்ரான் குடியிருக்கும். எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. குட்டிக் காந்த ஊசி என்று வைத்துக்கொள்ளலாம்; மேலே பார்க்கும், இல்லாவிட்டால் கீழே பார்க்கும். பச்சை லேசரை அடித்து அதை ஒரு பக்கமாக நிறுத்தலாம். பிறகு அளந்து ஒரு மைக்ரோவேவ் துடிப்பைக் கொடுத்தால், அப்படியே தலைகீழாகத் திரும்பும்.

அந்த எலக்ட்ரானுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு கரியணுவின் கரு இருக்கிறது. அதற்கும் சுழற்சி உண்டு. ஆனால் அது சோம்பேறி. நேராகக் கூப்பிட்டால் லேசில் திரும்பாது. எலக்ட்ரானைச் சரியான இடைவெளியில் திருப்பித் திருப்பி ஆட்டினால், அந்த ஆட்டத்துக்கு இசைந்து கருவும் மெல்லத் திரும்பும். அப்படித் திரும்பினால் திரையில் ஓடும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் சாருவின் ஆய்வு. ஒரு தடவை செய்தால் ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கான தடவை செய்து, கூட்டிக் கூட்டிப் பார்த்தால்தான் பள்ளம் தெரியும்.

நான் மொத்தம் ஐம்பத்தேழு கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எலக்ட்ரானை எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்று கேட்டேன். “இந்தக் கருவுக்கு முப்பத்திரண்டுப்பா” என்றாள். ஏன் முப்பத்திரண்டு என்ற ஐம்பத்தெட்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறியவர்கள் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

அவள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோது ஏழாவது மாதம். கடைசி அளவீடு ஒன்று மட்டும் பாக்கி. அதை அளக்கும் கருவி பல பேருக்குப் பொது. சாருவுக்குக் கிடைத்தது எட்டு நாள். (ஒன்பதாகக் கேட்டிருக்கலாமே என்று நான் சொன்னேன்.) அதை விட்டால் அடுத்த முறை ஏழு மாதம் கழித்துத்தான். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு அதற்கு முன்பே முடிகிறது. போதாததற்கு, இதே அளவீட்டை வெளிநாட்டில் ஒரு குழுவும் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகவே ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டு அறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, இங்கிருந்தே அங்கே கருவியை ஓட்டிவிட்டாள். அங்கே அவளோடு படிக்கும் ஷீபா என்ற நாகர்கோவில் பெண் லேசரையும் மற்றதையும் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முடியும். இடையில் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

முறைப்படி வளைகாப்பு சம்பந்தி வீட்டில் நடக்க வேண்டும். அவர்கள் வீட்டில் தரை பெயர்த்துப் போட்டிருந்ததால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். காரைக்கால் கடைத்தெருவில் சுலைமான் பாயிடம் வளையல் வாங்கப் போனேன். அவரும் நானும் முப்பது வருடப் பழக்கம்.

“பாய், ஆளுக்கு ரெண்டு கையும் சேத்து ஒத்தப்படையா வேணும்.”

“அண்ணே, வளையல் டஜன்லதான் வருது. மனுசனுக்குக் கை ரெண்டு. நீங்க எங்கேருந்துண்ணே ஒத்தப்படைய கொண்டாறீங்க?”

“ஒரு கைக்கு ஆறு, ஒரு கைக்கு அஞ்சு.”

“அப்ப டஜனுக்கு ஒன்னு மிச்சம் கெடக்குமே. அத நான் போட்டுக்கவா?”

கடையில் இருந்த நான்கு பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மிச்ச வளையல்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுக்கக் கூட்டம். என் அக்கா ராஜலட்சுமிதான் முன்னின்று நடத்தினாள். அக்காவுக்கு அந்த மடிக்கணினியைக் கண்டாலே பிடிக்கவில்லை.

“ஏன்டா தம்பி, புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல மைக்ரோவேவ் வெக்கலாமா? கதிர் அடிக்காது?”

“மிஷினு இங்க இல்லக்கா. வடக்க இருக்கு.”

“கம்பி இங்கதான வருது?” என்று சொல்லி, மடிக்கணினியின் மேல் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டு மூடப் போனாள். சாரு அலறி அதைத் தடுத்தாள். கடைசியில் மூடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பதோடு சமாதானம் ஆயிற்று.

நான் ஆறு மணியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தட்டு இருபத்தொன்று, சரி. வளையல் பூட்டும் பெண்கள் பன்னிரண்டு. எதிர் வீட்டு அம்மாளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து பதின்மூன்று ஆக்கினேன். சாத வகை ஆறுதான் வந்திருந்தது. சமையல்காரரிடம் மன்றாடி, வெறும் சோற்றில் பெருங்காயத்தைத் தாளித்துக் கொட்டச் சொல்லி ஏழு ஆக்கினேன். (அதை யாரும் சாப்பிடவில்லை. ஆனால் கணக்குக்கு அது சாதம்தான்.) பதினோரு மணி நெருங்கியபோது அந்த வீட்டில் இரட்டைப்படையாக எதுவுமே பாக்கி இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து மடிக்கணினி கூவியது.

மணையில் உட்கார்ந்திருந்த சாருவின் முகம் மாறிவிட்டது. இரண்டு கன்னத்திலும் சந்தனம், ஒரு கையில் பாதி வளையல். “அய்யோ, மிஷினு நின்னுடுச்சு!” என்று எழுந்திருக்கப் போனாள். அக்கா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“மணையில உக்காந்தவ வளையல் பூட்டி முடிக்கிறவரைக்கும் எந்திரிக்கப்படாது.”

“ஒரே நிமிஷம் அத்தை.”

“அர நிமிஷம்கூட முடியாது. புள்ளைய விட ஒசத்தியா அந்தப் பொட்டி?”

சாரு ஷீபாவுக்குப் போன் செய்தாள். ஷீபா எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் இருந்திருப்பாள். சாரு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அதில் நம்பிக்கை இருந்தது.

“அப்பா, நீங்க போங்க. நெட்டு விட்டுட்டு வந்தா அப்புடித்தான் நிக்கும். திரையில ஒரு பொட்டி வந்திருக்கும். அதுல கீழ பச்சையா ஒரு பட்டன் இருக்கும். அத ஒரு தடவ அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க.”

“ஒரு தடவதான?” என்று கேட்டேன்.

“ஒரே தடவ.”

ஒன்று, ஒற்றைப்படை. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அறைக்குப் போனேன். பெட்டி வந்திருந்தது. பச்சைப் பொத்தானும் இருந்தது. ஆனால் பொத்தானுக்கு மேலே வரிசையாக எண்கள் இருந்தன. இருபது வருடம் முன்பே யாராவது என் கண்ணைக் கட்டியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். துடிப்புகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 32 என்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது, வந்து எழுது, வந்து எழுது என்று கூப்பிடுகிற மாதிரி.

கூடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். வளையல் சத்தம் கேட்டது. வீடு முழுவதும் நான் பாடுபட்டு ஒற்றைப்படையாக்கி வைத்திருக்கிறேன். என் மகளின் வளைகாப்பு முகூர்த்தத்தில், என் கையால் தொடங்கப் போகிற ஒரு காரியம் முப்பத்திரண்டில் இருக்கிறது. கோடிக்கணக்கான தடவை திருப்புகிறார்கள், அதில் ஒன்று கூடினால் யாருக்கு என்ன என்று தோன்றியது. பி.எஸ்சி. படித்த புத்தி, இரண்டாம் வகுப்புப் புத்தி, அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தது: கருவோ சோம்பேறி, கூட ஒரு தட்டுத் தட்டினால் நல்லதுதானே?

2 என்பதை அழித்து 3 என்று போட்டேன். பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினேன். பெட்டி எண்களோடு மறைந்து, திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. வெளியே வந்து சாருவிடம் கட்டைவிரலைக் காட்டினேன். அவள் சிரித்தாள். அக்கா அடுத்த வளையலை ஏற்றினாள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணி. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சாரு திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“பள்ளம் தூந்துக்கிட்டு வருதே.”

“என்னாது?” என்றாள் கமலம்.

“நேத்து வரைக்கும் நல்லா ஆழமா இருந்துச்சும்மா. இப்ப மேல வருது.”

ஷீபாவைக் கூப்பிட்டாள். லேசர் நகர்ந்திருக்குமோ, காந்தம் சூடாகியிருக்குமோ என்று இருவரும் பேசினார்கள். போனை வைப்பதற்கு முன் சாரு சொன்னாள்: “செட்டிங் எல்லாம் அதேதான்டி. முப்பத்திரண்டுதான். நான்தான் போட்டேன்.”

பன்னிரண்டு மிடறு தண்ணீர் குடித்தேன். பதின்மூன்றாவது மிடறையும் குடித்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்: பள்ளத்தில் முக்கால்வாசி பிழைத்திருக்கும், ஆய்வேட்டுக்கு அது போதும். ஆனால் நான் சொல்லவில்லை. லேசராகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசராக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடமும் சொன்னேன். (நம்பிக்கை இல்லாதவன் என்று சொன்னேன் அல்லவா? அந்த மூன்று நாளைக்கு மட்டும் இருந்தது.)

செவ்வாய்க்கிழமை ஷீபா லேசரை இரண்டு முறை நேராக்கினாள். பள்ளம் இன்னும் மேலே வந்தது. சாரு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் பெருமூச்சு விட்டது நாற்பத்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் “மோர் வேணுமாம்மா?” என்றுதான் வந்தது. அன்று வீட்டில் எட்டு லிட்டர் மோர் கரைத்தோம் என்று கமலம் இன்றைக்கும் சொல்லுவாள். மூன்று லிட்டர்தான்.

புதன்கிழமை பள்ளம் ஒரு சிராய்ப்பு அளவுக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷீபாவே போன் செய்தாள். சாரு ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். லேசரில் தப்பாகக் கை வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று பேராசிரியர் முடிவு செய்துவிட்டாராம். இனி அந்தக் கருவியை அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

“நான் ஒண்ணும் தப்பா செய்யல்ல சாரு. சத்தியமா செய்யல்ல.”

“எனக்குத் தெரியும்டி” என்றாள் சாரு. ஆனால் அவள் குரலில் ஒரு நூலளவு சந்தேகம் இருந்தது. அது எனக்குக் கேட்டது. நான் எண்ணாதது எதுவும் இல்லை, அதையும் எண்ணிக்கொண்டேன்.

போனை வைத்ததும் அவள் எதிரே போய் நின்றேன்.

“சாரு.”

“மோரெல்லாம் வேணாம்ப்பா.”

“மோர் இல்ல. ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டியில முப்பத்திரண்டுன்னு இருந்துச்சுல்ல?”

“ஆமா.”

“நான் அதுல ஒன்னு கூட்டுனேன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“எதுக்குப்பா?”

“ஒத்தப்படையா இருக்கட்டுமேன்னு.”

சமையலறையிலிருந்து கமலம் வந்து நின்றாள். ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்த அக்காவும் வந்தாள். வளைகாப்பில் மிஞ்சிய வெற்றிலை ஒரு தட்டில் இருந்தது. சாரு அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்; பளபளப்பான பக்கம் மேலே.

“இதாம்ப்பா எலக்ட்ரான். ஒரு துடிப்பு குடுத்தா இப்புடி.” வெற்றிலையைத் திருப்பினாள். நரம்புப் பக்கம் மேலே வந்தது. “இன்னொன்னு குடுத்தா இப்புடி.” மறுபடியும் பளபளப்பு. “முப்பத்திரண்டு தடவ திருப்புனா எந்தப் பக்கம் மேல?”

“பளபளப்பு.”

“முப்பத்து மூணு?”

அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு எளிதான கேள்வியைக் கேட்டதில்லை. அவ்வளவு கஷ்டமான கேள்வியையும் கேட்டதில்லை.

“மொத நாலு நாளு பள்ளம் விழுந்துச்சு. ஞாயித்துக்கெழமைலேருந்து எலக்ட்ரான் தலகீழா முடியுது. அதனால பள்ளம் விழற எடத்துல மேடு வருது. புரோகிராம் ரெண்டையும் ஒன்னாக் கூட்டிக்கிட்டே போயிருக்கு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு நாலு நாளு பள்ளம், நாலு நாளு மேடு.” வெற்றிலையைத் தட்டில் வைத்தாள். “கூட்டுனா என்னாப்பா?”

பூஜ்ஜியம். ஒன்றைக் கூட்டியதால் பூஜ்ஜியம் வந்த கணக்கை முப்பத்து மூன்று வருட அலுவலக வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அதுவும் சரிபாதியில் கூட்டியிருக்கிறேன். இரண்டு நாள் முன்னாலோ பின்னாலோ அந்த நெட்டு அறுந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

“தனித்தனியா பிரிச்சு எடுக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“மொத்தத்த மட்டும்தான் சேத்து வெச்சிருக்கு. நாளு நாளா தனியா சேக்கச் சொல்லி நான் எழுதியிருக்கணும். அது என் தப்பு” என்றாள். தன் தப்பு என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அக்காவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. “ஒத்தப்படைதான போட்டான்? நல்லதத்தான செஞ்சிருக்கான்?” என்றாள். அந்த வீட்டில் அன்று எனக்குப் பரிந்து பேசியது அவள் ஒருத்திதான். அதைவிட அவமானம் வேறு இல்லை.

சாரு உடனே பேராசிரியருக்குப் போன் செய்து, ஷீபா மேல் தப்பில்லை என்று சொன்னாள். “பின்னே யார் மாற்றியது?” என்று அவர் கேட்டிருப்பார் போல. “என் அப்பா” என்றாள். பிறகு, “இல்லை சார், அவர் இயற்பியல் படித்தவர்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

பதினோரு மணிக்குத் திரையில் கோடு நேராக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், வரப்பு கட்டிய மாதிரி நின்றது. கருவி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

முதலில் சந்தேகம் வந்த திங்கட்கிழமை ஒரு மணியிலிருந்து வாயைத் திறந்த வியாழக்கிழமை ஒன்பது மணி வரை அறுபத்தெட்டு மணி நேரம். எண்ணை மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம், அது முட்டாள்தனம். அந்த அறுபத்தெட்டுக்கு என்னிடம் ஒரு பெயரும் இல்லை. சாரு அதைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவள் என்னிடம் சரியாகப் பேச இரண்டு நாளும் ஏழு மணி நேரமும் ஆயிற்று. முதலில் பேசியது, “அப்பா, மோர் இருக்கா?” என்று. நான் சொம்போடு ஓடினேன். கமலம் அன்று என்னை ‘ஏங்க’ என்று கூப்பிட்டது மூன்றே தடவை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் எதையும் எண்ணவோ தொடவோ என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தட்டு எண்ணும் பொறுப்பை என் மைத்துனர் எடுத்துக்கொண்டார். அவர் எண்ணத் தெரியாதவர் என்பதே தகுதியாகிவிட்டது.

செய்தி கடைத்தெருவரை போய்விட்டது. சுலைமான் பாய் கடை வழியே போனபோது கூப்பிட்டார். “அண்ணே, நான் அன்னிக்கே சொன்னேன்ல, மிச்சம் ஒன்ன எனக்குக் குடுங்கன்னு. அத கொண்டுபோய் மவ கம்ப்யூட்டர்ல போட்டீங்களாமே?” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்” என்றார். குடித்தேன். சர்க்கரை போட்டார்களா என்று தெரியவில்லை.

குழந்தை பிறந்தது, பெண். சாரு கெடுவை நீட்டிக் கேட்டு எழுதினாள். விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் பிரசவம் என்று மட்டும் எழுதினாள். ஏழு மாதம் கழித்துக் கருவி கிடைத்தபோது, ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கமலமும் நானும் கூடப் போனோம். அங்கே விருந்தினர் விடுதி அறையில் எட்டு நாள் நான் பேத்தியைத் தோளில் போட்டு நடந்தேன். ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஷீபா எனக்கு வணக்கம் சொன்னாள். மிகவும் மரியாதையாக, கதவை மூடிக்கொண்டு. எட்டாம் நாள் சாரு அறைக்கு வந்து கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். நடுவில் ஆழமாக, அழகாக ஒரு பள்ளம். அவ்வளவு அழகான பள்ளத்தை எங்கள் கொம்யூன் சாலைகளில்கூட நான் பார்த்ததில்லை. அழுதேன். கமலம் பேத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அவளையும் கெடுத்துவிடுவேன் என்று.

ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்பே அந்த வெளிநாட்டுக் குழுவின் கட்டுரை வந்துவிட்டது. அதே அளவீடு, அதே பள்ளம். சாருவின் கட்டுரை இரண்டாவதாக வந்தது. ‘இதை முன்பே காட்டியவர்கள்’ என்று அவர்கள் பெயரை அவளே தன் முதல் பத்தியில் எழுத வேண்டியிருந்தது. பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அவள் விரும்பிக் கேட்டிருந்த வேலையிடம் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. முதலில் செய்தவர்களில் ஒருவருக்குப் போயிற்று என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் புரோகிராமை ஷீபா மாற்றி எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் தனித்தனியாகச் சேமிக்கும். அதோடு, துடிப்பின் எண்ணிக்கையில் யாராவது ஒற்றைப்படை எண்ணைப் போட்டால் கருவி ஓடாது. சிவப்பாக ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமல்லவா? ‘அப்பா’ என்று வைத்துவிட்டாள். தமிழ் தெரியாத பிள்ளைகளும் இப்போது அங்கே, “அப்பா வந்துவிட்டார், எண்ணைச் சரி பார்” என்றுதான் சொல்லிக்கொள்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்த ஓர் அஸ்ஸாம் மாணவி, இந்த அப்பா என்பவர் எந்த நாட்டு விஞ்ஞானி என்று கேட்டாளாம்.

இதைப் போன மாதம் சாரு ஊருக்கு வந்தபோது சொன்னாள். வீடே சிரித்தது. பெட்டி இதுவரை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கேட்டேன். நாற்பத்தொன்று என்று ஷீபா எண்ணி வைத்திருக்கிறாளாம். நான் உடனே மனக்கணக்குப் போட்டேன்.

“ஒரு தடவைக்கு எட்டு நாளுன்னு வெச்சாலும், நாப்பத்தொன்னு எட்டு முன்னூத்து இருவத்தெட்டு. முன்னூத்து இருவத்தெட்டு நாள நான் காப்பாத்தியிருக்கேன் சாரு. நான் கெடுத்தது எட்டு. கழிச்சுப் பாத்தா...”

“ஏங்க” என்றாள் கமலம். அன்பாகக் கூப்பிடும் இரண்டில் அது சேராது.

சாரு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மடியில் இருந்த குழந்தையின் தலையைக் கோதியபடி சொன்னாள்:

“எல்லாருக்கும் வந்துச்சு அந்தப் பொட்டி. எனக்குத்தாம்ப்பா அன்னிக்கு வரல.”